ஈரக் கோடு

இரவு பதினொரு மணி, உட்துறைமுக வீதி.
நூலின் ஒரு முனை ஓவசியர் கனகேஸ்வரனிடம்,
மறுமுனை என் பெருவிரலில்.
சோக்குத்தூள் பூசிய நூலைச் சுண்டிவிட்டால்
தாரில் ஒரு நேர்கோடு விழும்.
அதன் மேல்தான் பெயின்ற்.

நாலடி என்றது வரைபடம்.
"மூண்டு காணும், பஸ்சுக்கு இடம் வேணும்" என்றார் ஓவசியர்.
அந்த ஓரடி எங்கே போகிறதென்று நான் கேட்கவில்லை.
நாட்கூலி.
வேலை முடிந்து வீட்டுக்குப் போவதும்
சைக்கிளில்தான்.

தகட்டை வைத்துச் சைக்கிள் படம் அடித்தோம்.
இரண்டு சில்லு, ஒரு கைபிடி, ஒரு சீற்.
ஓட்டுபவரை வெட்ட மறந்திருந்தார்கள்.
நூறு யாருக்கு ஒன்றாக
ஆளில்லாத சைக்கிள்கள்
வெள்ளையாய்ப் படுத்துக் கிடந்தன.

முதல் வாரம் ஓட்டோக்கள் அதில் நின்றன.
பிறகு ஒரு தேங்காய் லொறி.
ஒரு மத்தியானம் கோட்டைப் பக்கத்து மான்கள் மூன்று
கோட்டுக்குள் அடக்கமாய்ப் படுத்து அசைபோட்டன.
சட்டத்தை மதித்தவை அவைதான் என்று
பெட்டிக்கடையில் சிரித்தார்கள்.

ஹில்மியின் மீன்பெட்டி அகலம் இரண்டே கால் அடி.
உடைந்த வடிகால் மூடி தின்பது ஓரடி.
கூட்டிப் பார்,
என்றான் என்னிடம், திருக்கையின் வாலைச் சுருட்டிக்கொண்டே.
மிச்சக் கால் அடிக்கு
அவன் பஸ்சோடு பேரம் பேச வேண்டும்.

முன்பெல்லாம் பஸ் பின்னால் வந்து உறுமும்,
ஹோன் அடிக்கும், திட்டும்,
கடைசியில் என்னைப் பார்த்து விலகும்.
இப்போது அது பார்ப்பது கோட்டை.
தன் பக்கம் தன் பக்கம்தான் என்று
வேகம் குறைக்காமல் போகிறது.
என் முழங்கை மயிருக்குத் தெரியும்
அந்தத் தகரத்தின் சூடு.

இதையெல்லாம் சொல்லி
பெயின்ற் வீண் என்று முடித்திருப்பேன்.
தேவமலர் இல்லையென்றால்.
ஆசுபத்திரிக்கு முன்னால் பார்மசியில் நிற்பவள்,
இரண்டு வருசமாய் ஓட்டோவுக்குச் சம்பளத்தில் பாதியை அழுதவள்,
கறள் பிடித்த சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு சொன்னாள்:
"கோடு கீறின பிறகுதான் எடுத்தனான்."
அந்த ஓரடியைப் பற்றி
அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஒருநாள் பார்த்தேன்.
வழியில் நின்ற ஓட்டோவுக்குப் பின்னால்
காலூன்றி, மணி அடித்து,
"அண்ணை, கோடு போட்டுக் கிடக்கு, தெரியேல்லையே?" என்றாள்.
அவன் முணுமுணுத்தான். எடுத்தான்.
பஸ்சை மறிக்காத பெயின்ற்
அவள் வாய்க்கு
ஒரு வசனம் கொடுத்திருந்தது.
அதற்கு எத்தனை அடி என்று
எந்த வரைபடத்தில் பார்ப்பது?

மார்கழி மழையில் வெள்ளை வழுக்கியது.
இரண்டு பேர் விழுந்தார்கள், அதில் ஒருவன் நான்.
தை பிறந்ததும் திரும்பப் பூசச் சொன்னார்கள்,
அதே நூல், அதே மூன்றடி.

விடிய வந்து பார்த்தால்
காயாத கோட்டில் யாரோ ஏறிப் போயிருந்தார்கள்.
ஒற்றைச் சில்லின் அகலத்தில் வெள்ளைத் தடம்,
பூக்களாய், கண்டிகளாய், ரயரின் பல் தெரிய.
"மண்ணெண்ணெய் கொண்டு போய்த் துடை" என்றார் ஓவசியர்.

துணியோடு குனிந்து அதன் பின்னால் போனேன்.
நூல் தெரியாத கோடு அது.
வடிகால் மூடியில் வலப்பக்கம் வெட்டியது,
ஓட்டோ நிற்கிற இடத்தில் நடுவீதிக்கே போனது,
பயந்து திரும்பியது,
ஓரிடத்தில் நின்று காலூன்றியது. பாட்டா செருப்பின் முனை.
மணிக்கூட்டுச் சந்திக்குப் பத்து யார் முன்னால்
நாங்கள் பூசிய கோடு முடிகிறது,
சந்தியில் எல்லாரும் திரும்புவார்கள், அங்கே பூசினால் குழப்பம் என்று.
தடம் முடியவில்லை.
மங்கி மங்கி
சந்தியின் நடுவே புகுந்து
மீன்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

நான் பத்து யாருக்கு முன்னாலேயே நின்றேன்.
மண்ணெண்ணெய் முடிந்துபோச்சு என்று
ஓவசியரிடம் சொன்னேன்.
போத்தலில் அரைவாசி கிடந்தது.